மாமா மயங்கி விழுந்த ஒத்திகை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பதறாதீர்கள், உங்கள் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். இந்த நிமிடம்கூட அடுத்த அறையில் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆடிப்போய் உட்கார்ந்திருப்பது நான்தான். போனில் சொன்னால் நீங்கள் அழ ஆரம்பிப்பீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கூரியர்.

போன மாதம் உயில் எழுதப்போகிறேன் என்று மாமா வக்கீலம்மாவிடம் போனாரே, அங்கே தொடங்கியது எல்லாம். உயில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். பிறகு அந்த அம்மா, "ஐயா, நாளைக்கு நீங்க பேச முடியாம ஆஸ்பத்திரில படுத்துட்டா, எந்த வைத்தியம் வேணும், எது வேண்டாம்னு உங்களுக்காக டாக்டர்கிட்ட யார் பேசறது? அதையும் எழுதி வெச்சுடலாம். ஒரு ஆள் பேரைச் சொல்லுங்க" என்றிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் பெற்ற பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். இவர் முப்பத்து நாலு வருடம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். புதன்கிழமை தோறும் எரியாத கட்டடத்துக்குத் தண்ணீர் அடித்துப் பழகியவர் ஒத்திகை பார்க்காமல் ஒப்புக்கொள்வாரா? "ஆளைச் சோதிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை.

முதல் சோதனை உங்களுக்குத்தான் நடந்தது அண்ணி. ஒரு நாள் வரிசையாக மூன்று தடவை போன் அடித்தாரே, நீங்களும் "மீட்டிங்" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினீர்களே, அதுதான் பரீட்சை. அன்றைக்கே உங்கள் பெயரை நோட்டில் அடித்துவிட்டார். கோபப்படாதீர்கள், உங்கள் தம்பி பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குப் பரிசே கொடுக்கலாம்.

போன புதன்கிழமை மத்தியானம் நான் சலவைக் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். உங்கள் தம்பியும் சாவிக் கடையைப் பூட்டிவிட்டு எனக்குப் பின்னாலேயே வந்தார். உள்ளே நுழைந்தால் மாமா கூடத்தில் மல்லாந்து கிடக்கிறார்! "அப்பா!" என்று அலறிய உங்கள் தம்பி, செருப்புக்கூட இல்லாமல் தெருவுக்கு ஓடி, அந்த வழியே போன வாடகைக் காரை மறித்து ஏறி, ஆஸ்பத்திரிக்கே போய் இறங்கிவிட்டார். அங்கே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், "நோயாளி எங்கங்க?" என்று கேட்ட பிறகுதான் அப்பாவை வண்டியில் ஏற்றவில்லை என்பதே இவருக்கு உறைத்திருக்கிறது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மூளை!

நான் நாடியைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன். அடியில் பாய் இருக்கிறது. தலைக்குத் தலையணை. மூக்குக் கண்ணாடி மடித்து ஸ்டூல் மேல். அதற்குப் பக்கத்தில் டம்ளர் தண்ணீருக்குள் பல் செட்! பல்லைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு மயங்குகிற மனுஷனை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. "மாமா, எழுந்திருக்கிறீங்களா, இல்ல நீங்க ஒளிச்சு வெச்சிருக்கிற சர்க்கரை டப்பாவைத் தேடட்டுமா?" என்றேன். இமை லேசாக ஆடியது, கண் திறக்கவில்லை.

அதற்குள் உங்கள் தம்பி ஆம்புலன்ஸோடு திரும்பி வந்துவிட்டார். வண்டியிலிருந்து இறங்கிய ஆம்புலன்ஸ்காரர், "என்ன மாத்திரை சாப்பிடறாரு? ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருக்கா? எந்த மருந்து ஒத்துக்காது?" என்று கேட்டார். பெற்ற பிள்ளை தேம்பிக்கொண்டே சொன்ன பதில்: "அவருக்கு காபின்னா உயிருங்க." நான்தான் காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, ஏழு வருடத்துக்கு முன் நடந்த குடலிறக்க ஆபரேஷன், முகத்தை வீங்க வைத்த ஊசி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வாய் அதோடு நிற்கவில்லை. "மறுபடி எழுந்து உக்காந்து என்கூடச் சண்டை போடுவாருன்னா, என்ன வேணும்னாலும் செய்யுங்க, விட்டுடாதீங்க. எழுந்திருக்கவே மாட்டாருன்னு தெரிஞ்சா குழாயைச் சொருகிப் படுக்க வெச்சுடாதீங்க. பிடிக்காதுன்னு நூறு தடவை சொல்லியிருக்காரு" என்றேன்.

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, பொக்கை வாயோடு, "பாஸ்!" என்றார்.

ஆம்புலன்ஸ்காரர் எங்களை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. "உண்மையா ஒருத்தர் உயிருக்குப் போராடற நேரத்துல வண்டிய இங்க இழுத்துட்டீங்களே!" என்றார். நியாயம்தானே, மாமாவே தலையைக் குனிந்துகொண்டார். வந்ததற்கு நாடியையாவது பார்க்கிறேன் என்று கையைப் பிடித்தவர் முகம் மாறிவிட்டது. இரண்டாவது தடவை பிடித்துப் பார்த்தார். "பெரியவரே, இது நடிப்பில்ல, வண்டில ஏறுங்க."

துடிப்பு விட்டு விட்டு வருகிறதாம் அண்ணி. வருகிற திங்கட்கிழமை நெஞ்சில் சின்ன மிஷின் ஒன்று வைக்கப் போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் பத்துப் பேருக்கு வைக்கிறோம் என்கிறார் டாக்டர். எங்களுக்கு இவர் ஒருத்தர்தானே என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அதனால் அந்தப் பேப்பரைத் திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று நேற்று வக்கீலம்மாவிடம் போனோம். மாமா என்னைக் கை காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது! வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டு, "மகன், மகள் ரெண்டு பேரும் இருக்கறப்ப மருமகளா?" என்று கேட்டார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் என் மேல பாசம் நிறைய இருக்கும்மா. இவதான் நான் சொல்றதைக் காதுல வாங்கறா. வாங்கினாத்தானே எதிர்த்துப் பேச முடியும்?" என்றார் உங்கள் அப்பா.

சம்மதம் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாமல் எழுந்து வந்துவிட்டேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், சட்டைக் காலரை மடிப்பில்லாமல் தேய்க்கத் தெரியும், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "நிறுத்திடலாமா?" என்று கேட்டு, நான் தலையை ஆட்டிவிட்டால்? மருமகள்காரி முடித்துவிட்டாள் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நீங்கள் அவர் பெற்ற மகள், படித்தவர், பெரிய ஆபீஸில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். எப்படியாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இந்தப் பொறுப்பை என் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருக்கட்டும், மாத்திரைப் பெயரை எழுதி வைத்துக்கொண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மாமா வந்து என் தேய்ப்பு மேஜை பக்கத்தில் நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக இருந்தேன். "பயமா இருக்கும்மா" என்றார். நெருப்புக்குள் ஓடிய மனுஷன்! வேறு ஒன்றும் கேட்கவில்லை, பேப்பரைக்கூட நீட்டவில்லை. அவர் கையில் இருந்ததை நானே வாங்கி, அந்த மேஜை மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே மேலே கெஞ்சியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாயம் வந்துவிடுங்கள். அவரோடு நீங்கள் இருங்கள், நான் டாக்டரிடம் பேசும்போது என் கையையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.