பதினொரு கையெழுத்து பெற்ற பூதம்

ஒரகடம் சாலையில் இருந்த ஒரு பம்ப் தொழிற்சாலையில், 1986-ஆம் ஆண்டு, ஒரு விதி இருந்தது: வரைபடப் பிரிவை விட்டு வெளியே போன எந்தப் படத்தையும் முழு ஒப்புதல் ஆகாமல் திரும்பப் பெறக் கூடாது; சொன்ன குறையைத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல விதிதான். அதனால் ஒரு பம்ப்பிலும் ஓட்டை இடம் மாறியதில்லை.

அங்கே படம் வரைபவர் சபாபதி. இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன விளையாட்டுப் புத்தகம் அவரிடம் இருந்தது. ஆளுக்கொரு வேடம், கையில் பகடை, கதை சொல்லிக்கொண்டே பூதங்களோடு சண்டை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் மூலையில் ஆடுவார்கள். ஃபிட்டர் கன்னியப்பன் வீரன், டைப்பிஸ்ட் ஜெயம் மந்திரவாதி, ஸ்டோர்ஸ் தாவீது திருடன். கதை சொல்பவர் சபாபதி.

புத்தகத்துப் பூதப் படங்களை நால்வரும் பக்கம் கிழியும்வரை பார்த்து ரசித்தாயிற்று. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரிக்கென்று அதில் ஒரு பூதம் இல்லை. சபாபதி தாமே வரைந்தார். நாற்பத்திரண்டு சாப்பாட்டு இடைவேளை. மூன்று தலை, இரண்டு இறக்கை, வாய் நிறைய நெருப்பு, 412 செதில். நடுத்தலையின் தாடைக்குக் கீழே இருந்த நான்கு செதில்கள் மட்டும் அவருக்கே திருப்தியாக வந்திருந்தன. அதுவரை தாம் வரைந்த எதையும் அவர் ஒருவரிடமும் காட்டியதில்லை. இதைக் காட்டி, "நல்லாயிருக்கு" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வியாழக்கிழமை, மேசை மேல் இருந்த பம்ப் படங்களோடு பியூன் அதையும் அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் படத்தோடு டைப் அடித்த குறிப்பு ஒன்று வந்தது. "படத்துக்கு எண் இல்லை. ஒரே அளவில் மூன்று தலைகள், இரண்டு உபரி. நீக்கி அனுப்புக."

இது என்ன என்று குறிப்பில் யாரும் கேட்கவில்லை. முன்னால் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். விளையாட்டுக்கு வரைந்தது என்று சொன்னால் கம்பெனித் தாளை வீணாக்கியதற்கு மெமோ வரும். சபாபதி அரை பிளேடை எடுத்து இரண்டு தலைகளைச் சுரண்டினார்.

கொள்முதல் பிரிவு: "இறக்கை உள்நாட்டில் கிடைப்பதில்லை. இறக்குமதி உரிமம் பெற மூன்றாண்டு ஆகும். தவிர்க்கவும்." சுரண்டினார். பாதுகாப்புப் பிரிவு: "தடையில்லாச் சான்று இன்றி நெருப்பு கூடாது." சுரண்டினார். ஸ்டோர்ஸ்: "செதில் டஜன் கணக்கில் மட்டுமே வழங்கப்படும். 34 டஜன் போக மிகுதி நான்கை, தாடைக்குக் கீழிருந்து நீக்குக."

அன்று மட்டும் அவர் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் வரதராஜுலு ஜப்பானில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, தொழிலாளரும் கூடி உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கும் 'தர வட்டம்' என்ற ஒன்றோடு திரும்பினார். அதுவரை வரிசையாக உட்கார்ந்து செய்த தவறுகளை, அன்று முதல் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து செய்தார்கள். மேனேஜர் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல இன்னும் என்ன குறை? தொழிலாளர் பிரதிநிதி சொல்லட்டும்."

"வாலு ரொம்ப நீளங்க சார். ஆளு தடுக்கி வுழுவான்."

கைதட்டல். சொன்னவன் கன்னியப்பன். தூரத்திலிருந்து பார்த்த அவனுக்கு, அது சபாபதி வரைந்த பூதம் என்று தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த சபாபதியும் கைதட்டினார். வட்டத்தில் தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

ஐந்து மாதம் கழித்து, பதினோராவது கையெழுத்தோடு படம் திரும்பியது. சனிக்கிழமை அதைக் கேன்டீன் மேசையில் விரித்தார்.

"இன்னாண்ணே இது? வரப்புல வெயில் காயிற ஓணான் மாதிரி கீது!" என்றான் கன்னியப்பன்.

சபாபதி நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு தலை உபரின்னு டைப் அடிச்சது நான்தான் சார்," என்றாள் ஜெயம்.

"நாலு செதிலு... எங்க ஸ்டோர்ஸ் நோட்டுதான். நான்தான் எழுதினேன்," என்றான் தாவீது.

"அப்போ அந்த வாலு?" என்று கேட்டுவிட்டுக் கன்னியப்பன் தரையைப் பார்த்தான்.

தாவீது படத்தின் அடிமூலையைக் குனிந்து எண்ணினான்.

"யப்பா, பதினொண்ணு! ஜி.எம். கையெழுத்துகூட கீது! நல்லா கீதுண்ணே!"

சபாபதி கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. அவர் பகடையைக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்கினார்.

"ஏரியிலேருந்து பூதம் வெளியே வருது. கன்னியப்பா, வாளை எடு."

கன்னியப்பன் பகடையைக் கீழே வைத்தான். "எடுக்கலாம்ணே. ஆனா இது ஒப்புதல் ஆன பூதம். வெட்டிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"மந்திரம் போட்டாலும் படத்தைத் திருத்தின மாதிரிதான் சார். பதினொரு பேரும் மறுபடி கையெழுத்துப் போடணும்," என்றாள் ஜெயம்.

"எழுதிக் குடுத்தா நான் செய்யறேன்," என்றான் தாவீது.

இது வெறும் விளையாட்டு என்று சபாபதி சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார்.

"மனு மூணு பிரதி வேணும்," என்றார்.

புதுத் தாள் எடுத்து, ஸ்கேல் வைத்து, கோணாமல் கட்டம் போட ஆரம்பித்தார். யாரும் எதிர்க்காத பூதம் சுற்றுக்கு ஓர் ஊரைத் தின்னும் என்பது ஆட்ட விதி. அவர் மூன்றாவது பிரதிக்குக் கட்டம் போட்டு முடிப்பதற்குள், அந்த ஓணான் வடக்குப்பட்டு கிராமத்தை முடித்துவிட்டுப் படப்பையில் பாதியைத் தின்றிருந்தது.