பத்து ஆடும் ஒரு பச்சைக் கம்பளமும்

கனவு காண்கிறவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், மருந்தடிக்கிற டேங்க்கை மட்டும் கொடுக்கக் கூடாது. யாரையோ குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பூச்சு முக்குவது என் வேலை. ஜாடியைத் தலைகீழாகப் பிடித்து, பால் போன்ற கலவையில் அடிப்பக்கம்வரை முக்கி எடுத்து, சொட்ட விட்டு, பலகையில் வைக்க வேண்டும். நாளெல்லாம் இதையே செய்தால் மனம் எங்காவது கிளம்பிப் போய்விடும். என் மனம் போனால் லேசில் திரும்பாது. (ஒருமுறை மேஸ்திரி தோளைத் தட்டி எழுப்பியபோது பூச்சுக்குள் முங்கியிருந்தது என் சாப்பாட்டுத் தூக்கு. நல்லவேளை, சாப்பிட்டு முடித்திருந்தேன்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி சுமதி சேத்தியாத்தோப்புப் பக்கம். வரும்போது இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு வந்தாள். அவை பத்தாகியிருந்தன. ஊருக்கு வெளியே எங்களுக்கு இருந்த முக்கால் ஏக்கர் கொல்லைதான் அவற்றுக்கு மேய்ச்சல். நான் அதை வெறும் கரம்பு, தரிசு என்று நினைத்திருந்தேன். சுமதி அதன் வேலியோரம் அகத்தி விதைத்து, ஆளுயரத்துக்கு வளர்த்திருந்தாள்.

அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. பன்னிரண்டு நாள் போய் இருந்துவிட்டு வரவேண்டும். எனக்கு மத்தியான ஷிப்ட் என்பதால் காலையில் ஆடு மேய்ப்பது என் பொறுப்பு. பஸ் ஏறும்போது சொன்னாள்:

“கொல்லையில விஷப்பூண்டும் வேலிக்காத்தான் முள்ளும் மண்டிக்கெடக்குது. வந்து ஆள வச்சி வெட்டிக்கலாம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், கேட்டுச்சா?”

முதல் பாதி கேட்டது. இரண்டாவது பாதி வருவதற்குள் நான் கொல்லைக்குப் போய்விட்டேன், மனதளவில்.

அங்கே என்ன பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முந்தைய இரவு மொபைலில் ஏதோ ஒரு வெளிநாட்டு மேய்ச்சல் வெளியைப் பார்த்திருந்தேன். ஒரு முள் இல்லை, ஒரு புதர் இல்லை. மடிப்பு மடிப்பாகப் பச்சை, அதன்மேல் மேகத்தின் நிழல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதே பச்சை எங்கள் கொல்லையில் விரிந்து கிடக்கிறது. சுமதி ஊரிலிருந்து திரும்பி வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி வரப்பில் கழற்றிவிட்டு, புல்லில் கால் வைக்கிறாள். என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். (அந்தப் பார்வைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.)

மறுநாள் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமான மனிதர்.

“என்னா பயிருங்க?”

“பயிரு இல்லீங்க, மேய்ச்சல் நெலம். புல்லு மட்டும் நிக்கணும். மத்த செடி, பொதரு எல்லாம் போயிடணும்.”

“அப்படின்னா அகல எலைக் களைக்கு அடிக்கிற மருந்து தரேன். புல்லுக்கு ஒண்ணும் ஆவாது. மத்ததெல்லாம் சுருண்டுடும். மாடுதானே மேயுது?”

கடைக்கு வெளியே வெயிலில் ஒரு லாரி நின்றது. அதன் தார்ப்பாய் பச்சை நிறம். நான் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். பத்து ஆடுகளுக்குச் சொந்தக்காரியின் கணவன், ‘ஆமாம், மாடுதான்’ என்று தலையாட்டினான்.

அவர் மேலும் சொன்னார். காற்றடிக்கும்போது அடிக்காதீங்க. கையுறை, முகமூடி போடுங்க. லேபிள்ல போட்டிருக்கிற நாள் முடியிற வரைக்கும் உள்ள எதையும் மேய விடாதீங்க. அத்தனையையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். என் வாழ்க்கையிலேயே நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறில்லை. செய்தது தப்பான வேலை என்பது மட்டும்தான் குறை.

அந்தக் காலையை இன்றும் மறக்க முடியவில்லை. துளிக் காற்று இல்லை. கம்மாபுரம் பக்கமிருந்து வெளுத்த மூட்டம் ஒன்று தரையோடு தரையாக வந்து படுத்திருந்தது. மழைக்கோட்டும் முகமூடியும் மாட்டி, வாடகை டேங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். பம்ப் ‘ஸ்ஸ்’ என்று மூச்சுவிட, துளிகள் சூரியனில் ஒரு நொடி வண்ணமாகிக் கரைந்தன. என் கால்கள் தரையில் படுகிற உணர்வே இல்லை. நான் செடிக்கு மருந்தடிக்கவில்லை, சுமதிக்குக் கம்பளம் நெய்துகொண்டிருந்தேன்.

வேலியோரம் வந்ததும் ஒரு விநாடி யோசித்தேன். அகத்தி? அதன் இலையை உற்றுப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ‘அகல இலைக்குத்தானே மருந்து, இது பொடி இலை ஆச்சே’ என்று முடிவு கட்டி, அடியில் மண்டியிருந்த பூண்டுகளுக்குத் தாராளமாக அடித்தேன். அகத்தியும் நனைந்தது. (புல் சாதி தவிர மற்ற எல்லாமே அந்த மருந்துக்கு அகல இலைதான் என்று பிறகு கடைக்காரர் விளக்கினார். அப்போது அவரும் என்னை வேறு மாதிரி பார்த்தார்.)

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சின்ன விஷயம் உறைத்தது. லேபிளில் போட்ட நாள் முடிகிறவரை பத்து ஆடும் எங்கே மேயும்?

எங்கேயும் மேயாது. வீட்டில்தான் இருக்கும்.

முதல் நாள் எக்செல் மொபெட்டில் ரோட்டோரத் தழையை ஒடித்து வந்து போட்டேன். பத்து நிமிடத்தில் காலி. இரண்டாம் நாள் ஆடுகள் கொட்டகையின் தட்டியைத் தின்றன. மூன்றாம் நாள் தாழ்வாரக் கீற்றை எட்டிப் பிடித்தன. நான்காம் நாள் கொட்டகை என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லாததால், வீட்டுக்குள் வந்து குடியேறின. தலைமை கருப்பி என்கிற பெட்டை ஆடு. என் கட்டிலில் ஏறிப் படுத்து, என்னை வாடகைக்கு வந்தவன்போலப் பார்க்கும்.

சுமதி தினமும் போன் செய்வாள்.

“ஆடு மேயுதாங்க?”

“மேயுது.”

“என்னா மேயுது?”

கருப்பி சுவரிலிருந்த காலண்டரில் ஆடி மாசத்தை முடித்துவிட்டு ஆவணிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“கெடைக்கிறத எல்லாம் மேயுது” என்றேன். பொய் இல்லை.

“இப்ப எங்க நிக்கிறீங்க?”

“கொல்லையிலதான்.”

“கொல்லையில எப்படிங்க மிக்ஸி சத்தம் கேக்குது?”

“அது... பக்கத்து வூட்ல.”

“கொல்லைக்கு ஏதுங்க பக்கத்து வூடு?”

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் இரண்டு மழை பெய்தது. லேபிள் நாள் முடிந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் கண்ட கனவு தரையில் கிடந்தது. விஷப்பூண்டு கறுத்துச் சாய்ந்திருந்தது. புல் மட்டும் கணுக்கால் உயரத்துக்கு, ஒரே பச்சையாக, மழைத்துளியோடு மினுங்கியது. மேகத்தின் நிழல்கூட நகர்ந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

ஆடுகள் நகரவில்லை. பத்தும் வரிசையாக வரப்பில் நின்று புல்லைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. ஒன்று மட்டும் குனிந்து நுனியைக் கடித்து, தலையை உதறிவிட்டு நிமிர்ந்தது.

அடுத்த கொல்லையில் பசு மேய்த்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா வேலியோரம் வந்தார்.

“இன்னா தம்பி இது? ஆட்டுக்குத் தழையக் கொன்னுட்டுப் புல்ல வளத்து வச்சிருக்கிற?”

“ஆடு புல்லு திங்காதாக்கா?”

“வேற வழியில்லன்னா திங்கும். மாடு கீழ பாத்து மேயும், ஆடு மேல பாத்து மேயும். இது ஊருக்கே தெரியுமே!”

அப்போதுதான் நானும் மேலே பார்த்தேன். அகத்தி வரிசை முழுவதும் இலை உதிர்ந்து, நுனிகள் முறுக்கிக்கொண்டு, குளிரில் விரல் மடங்கினதுபோல நின்றது. வெட்ட வேண்டிய வேலிக்காத்தான் இருக்கிறதே, அது மட்டும் நாலு நாள் வாடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, புதிதாகத் துளிர் விட்டிருந்தது.

நேரம் காலம் தெரியாமல் சுமதி அன்றைக்குத்தான் திரும்பினாள். வீட்டைப் பார்த்துவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தாள். (வீட்டைப் பார்த்துவிட்டு என்பதைக் கவனிக்கவும்.) புல்லை அவள் பார்க்கவே இல்லை. அகத்திக்கிட்டே போனாள். ஒரு நுனியைத் தொட்டாள். அது உடைந்து கையோடு வந்தது.

“மொத தடவ போட்ட வெத மொளைக்கலங்க. திரும்பப் போட்டன். மூணு மாசம் கொடத்துல தண்ணி தூக்கி ஊத்துனன்.”

திட்டியிருந்தால் தேவலை.

“உனக்குக் காட்டணும்னு செஞ்சன் சுமதி. செருப்பில்லாம நடப்பியேன்னு...”

அவள் திரும்பி, முதல் தடவையாக அந்தப் பச்சையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற ஆடுகளைப் பார்த்தாள். செருப்பில்லாமல் நடுக்கொல்லையில் நின்ற என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாக்கியம் அக்காவும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்:

“நாளையிலேருந்து காலைல அஞ்சு மணிக்குத் தழ கட்டு வந்துடணும். அகத்தி வளர்ற வரைக்கும்.”

வந்தது. மூன்று மாதம், தினமும், எக்செல்லில் நானே கொண்டு வந்தேன். பட்டறையில் ஜாடி முக்கும்போது என் தலையிலிருந்து தழை உதிரும். மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை, கதை அங்கே முன்பே வந்து சேர்ந்திருந்தது. அகத்தியில் பாதி மறுபடி தழைத்தது. மீதிக்குப் புது விதை போட்டோம், இம்முறை குடம் என் தோளில். பச்சைக் கம்பளத்தைப் பாக்கியம் அக்காவின் பசு முழுசாக அனுபவித்தது. நன்றிக்கு எங்கள் வீட்டுக்குத் தினமும் ஒரு சொம்பு பால் வந்தது.

அடுத்த வருடம் மச்சான் கல்யாணம், சேத்தியாத்தோப்பில். பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கொண்டே வந்தவர் என்னை நெருங்கியதும், மாமியார் ஓடிவந்து கையைத் தடுத்தார்.

“மாப்புளைக்கு எலை போடாதீங்க! அகல எலையக் கண்டா அவருக்கு ஆவாது. ஒரு தட்டு கொண்டாங்க!”

கூடம் அதிர்ந்தது. தட்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும் இதுதான் நடைமுறை. இருநூறு பேர் வாழையிலையில் சாப்பிடுவார்கள். நடுவில் ஒருவன் மட்டும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். புதிதாக வந்த சம்பந்திகள், “அவருக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா?” என்று மெதுவாக விசாரிப்பார்கள். சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் சாதத்தைப் பிசைந்தபடி, முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.