நீலக்குன்றத்துக்குத் தடம் எங்கே

கிரயமும் தானமும் பாகப்பிரிவினையும் முப்பதாண்டு எழுதி எழுதி விரல்நுனி காய்த்த வித்தகரே, மூக்குக்கண்ணாடி தரித்த முதுவேங்கையே, பல்லடம் பத்திர எழுத்தர் வேங்கடசாமியே, நும் புகழ் ஓங்குக! சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, தேங்காய்ப்பன் மணக்கும் பேக்கரியின் மூலைமேசையில், சனிக்கிழமை நான்கு மணிக்கு நீவிர் ஆடிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பஃப்ஸ் துகள் தொண்டையில் சிக்காது எம்மைக் காத்தருள்க.

பகலெல்லாம் பட்டாவும் வில்லங்கமும் பார்த்துச் சலித்த அப்பெருமகனார் அந்தியில் அடைக்கலம் புகும் நாடொன்று உண்டு. பனிமதிநாடு என்பது அதன் பெயர். அது கிடப்பது மூன்று பாக மாயக்கதை ஒன்றின் அட்டைகளுக்கிடையே. அங்கே சர்வே எண் கிடையாது, எல்லைக்கல் கிடையாது, முக்கியமாகப் பங்காளி கிடையாது. நெருப்புநாகம் கவர்ந்த நீலக்குன்றக் கோட்டையை இளவரசன் இளவேல் மீட்பானா என்ற ஏக்கத்திலேயே இரண்டு பாகங்களையும் கரைத்துக் குடித்தவர், அந்த மயக்கத்தில் இரண்டு முறை ஸ்டாப்பைத் தவறவிட்டவர். மூன்றாம் பாகமோ, அதை முன்னமே படித்து முடித்துவிட்ட நில அளவர் சாமுவேலின் கக்கத்தில் சிறைப்பட்டிருந்தது.

நிலமளந்து நெஞ்சிறுகிய அக்கொடுங்கோலர், முந்நூறு வருஷம் குடியிருந்த அனுபவ பாத்தியத்தால் குன்றம் நாகத்துக்கே சொந்தமென்றும், அதை எழுதி ஒப்புக்கொண்டாலன்றிப் புத்தகம் கைமாறாதென்றும் பிரகடனம் செய்தார்.

தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்பில் புகுந்த ஒற்றைக் கொம்பன் யானையென, டீக்கிளாஸ்கள் கிடுகிடுக்க எழுந்தார் வேங்கடசாமி.

"தாய்ப்பத்திரம் இளவேலோட பாட்டன் பேர்லீங்க, சாமுவேலு. நாகம் இருக்கறது ஆக்கிரமிப்புங்க."

முழங்கியவர், இரண்டாம் பாகத்து வரைபடத்தை வெற்றிக்கொடியென மேசைமேல் விரித்தார். அங்கேதான் விதி விளையாடியது. முப்பதாண்டுப் பழக்கத்தில் அவர் விரல் தன்பாட்டுக்கு நாற்புற எல்லையைத் தடவிச் சென்றது. கிழக்கே அதலபாதாளம். மேற்கே கொதிகடல். வடக்கே நாகத்தின் குகை. தெற்கே அதே நாகத்தின் எரிகாடு. தடம்? வண்டித்தடம் வேண்டாம், ஒரு குதிரை நடக்க ஒற்றையடித் தடமாவது? இல்லை. தடமில்லாத பூமியைக் கொங்குமண்டலத்தில் எவர் சீந்துவார்? எதிலிருந்து தப்பி ஓடி வந்தாரோ, அந்தப் பத்திர ஆபீஸைத் தம் விரலாலேயே பனிமதிநாட்டுக்குள் குடியேற்றிவிட்ட அவலத்தில், அறுந்த நூல்போல் துவண்டார் வீரர்.

பஃப்ஸைக் கடித்தபடி சாமுவேல் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்ணா, தடம் தேடறீங்களாட்ட இருக்குது? நாகம் தடம் விட்டுக் கையெழுத்துப் போட்டாத்தானுங்களே உங்க இளவேலு ஊடு போய்ச் சேர முடியும்?"

அக்கணம் வேங்கடசாமிக்குள் மூண்டது கோபமன்று, அதனினும் கொடிய ஆவல். தடமே இல்லாத கோட்டைக்கு அவன் எப்படித்தான் போவான்? பறப்பானோ? மலை பிளக்குமோ? எந்தத் தாசில்தாரும் தராத வழி ஏதோ அந்த முந்நூறு பக்கங்களுக்குள் இருக்கிறது. விடை தெரிந்த சாமுவேலோ புத்தகத்தைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு சிரிக்கிறார். மானம் ஒரு தட்டில், மூன்றாம் பாகம் மறுதட்டில் ஏறி நிற்க, அண்டங்கள் மூச்சடக்கிப் பார்த்திருக்க, தோல்வியறியாத அந்தப் பேனா சட்டைப்பையிலிருந்து வெளிப்பட்டது.

பில்லின் பின்பக்கம் குன்றத்தை நாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வேங்கடசாமி மூன்றாம் பாகத்தோடு பல்லடம் பஸ்ஸில் ஏறினார்.