பால்ரஸ் மாமாவும் கடமான் குண்டும்

ஜவ்வாது மலையில் துப்பாக்கி வைத்திருக்கும் மனிதர்களில், காட்டுப் பன்றிகள் துளியும் பயப்படாத ஒரே ஆள் எங்கள் பால்ரஸ் மாமாதான். அவர் நிலத்துச் சாமையைத் தின்றுவிட்டு, அங்கேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் அவை கிளம்பும் என்பார்கள். அதில் மிகை கொஞ்சம்தான்.

பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அது. அவருடைய அப்பா வழியில் வந்தது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுட வேண்டிய பழைய வகை. மருந்து தயார், மாமாவும் தயார். என்ன குண்டு போடுவது என்பதுதான் பன்னிரண்டு வருஷமாகத் தீரவில்லை. ஈயமா, சைக்கிள் சக்கரத்து பால்ரஸ் இரும்பு உருண்டையா? பெரிதாக ஒன்றா, சின்னதாக நாலா? சட்டைப் பையில் எல்லா அளவிலும் உருண்டைகள் கிடக்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். பெயரும் அப்படி வந்ததுதான்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்பார். மாட்டு டாக்டரிடம், பன்றித் தோல் எத்தனை விரல் தடிமன் என்று விசாரித்தார். பஸ் கண்டக்டரை மலைப்பாதை வளைவில் பிடித்து, "சாமைய மேய வர்ற கடமானுக்கு எந்த சைசு போட்டா சரியா இருக்குங்க?" என்றார்.

"மொதல்ல டிக்கெட்ட எடுய்யா!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய அன்று எல்லோரும் ஸ்வீட் கேட்டார்கள். மாமா கேட்டது வேறு.

"பாப்பா, கனமான குண்டு மெதுவா போறது நல்லதா, லேசான குண்டு வேகமா போறது நல்லதா?"

படித்த பெருமையில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டுமே நல்லதுன்ற. இன்னாத்த படிச்ச நீ?" என்று எழுந்து போய்விட்டார்.

போன தை மாதம் காட்டில் ஒரு கடமான் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தது. வனத்துறைக்காரர்கள் டீக்கடைக்கு வந்து, "இங்க கடமான் சுடறதப் பத்திப் பேசறது யாரு?" என்றார்கள். கடை மொத்தமும் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னது. மாமாவைத் துப்பாக்கியோடு ஜீப்பில் ஏற்றி ஜமுனாமரத்தூர் வனத்துறை ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள்.

மாமாவின் மனைவி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "அந்த மனுசன ஜெயில்ல போட்டுடுவாங்க பாப்பா. படிச்சவதான நீ? போய்ப் பேசு!"

பஸ்ஸிலேயே மனு எழுதினேன். வளைவுக்கு வளைவு வரி சறுக்கியது.

ரேஞ்சரின் மேஜை மேல் மாமாவின் பையிலிருந்து எடுத்த பதினேழு உருண்டைகள். பக்கத்தில் ஒரு கவரில், செத்த மானின் உடம்பிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு. மாமா வெளிறிப்போய் நின்றிருந்தார். என் மனுவை யாரும் கையில் வாங்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"சார், அந்தக் குண்டு இந்தத் துப்பாக்கிக்குள்ள போகுதான்னு பாத்தீங்களா?"

ரேஞ்சர் அதை எடுத்துக் குழலின் வாயில் வைத்தார். உள்ளே இறங்கவில்லை. புட்டிக்கு மூடி போட்டது போல மேலேயே உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "லேசா எண்ண தடவிப் பாருங்க சார்."

அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"போவாது சார், எண்ண தடவினாலும் போவாது" என்று அவசரமாகத் திருத்தியவர், அதோடு நிறுத்தினாரா? "கடமானுக்கு எவனாவது இரும்பு போடுவானா? எந்த மடையன் சார் அவன்?"

ரேஞ்சர் ஒரு கம்பியை விட்டுக் குழலைக் குடைந்தார். உள்ளேயிருந்து குளவி கட்டிய மண்கூடு பொலபொலவென்று மேஜையில் கொட்டியது. எனக்கு மீதி உயிரும் வந்தது.

"இத்தன வருஷத்துல ஒரு தடவ கூடவா சுடல?" ரேஞ்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "எங்கப்பா ஒரு பன்னிய அரைகுறையா சுட்டுட்டாரு சார். மூணு நாளு ஓடப் பக்கம் கத்திக்கினே கெடந்துச்சு. வலி தெரியாம ஒரே அடியில போற மாதிரி குண்டு கெடைச்சா சுடலாம்னு பாக்கறேன். இன்னும் கெடைக்கல."

ரேஞ்சர் துப்பாக்கியைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், மாமா ஊர் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார். தோள் மரத்துப்போனது. நான் அசையவே இல்லை.