பண்டிகைக்குப் போன பம்பர்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு என்ஜினைப் பார், டயரைப் பார், பேப்பரைப் பார் என்று ஊரே கூடிப் புத்தி சொல்லும். பம்பரைப் பார் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். (இவளிடம் ஒன்றைச் சொல்லிக் கேட்க வைக்கிறவர் இனிமேல்தான் பிறக்கணும் என்று என் அம்மா சொல்வாள்.)

எனக்குத் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை. என் சம்பளத்தில் சேர்த்து நானே பார்த்து வாங்கிய கார் அது. வெள்ளி நிறம். ஓட்டுகிறதும் நான்தான். என் வீட்டுக்காரர் சாம், ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறவர். டிரைவிங் ஸ்கூல்காரர் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அதனால் அந்தக் கார் வந்த பிறகுதான் நான் யாரையும் "கொஞ்சம் கொண்டு விடுறீங்களா" என்று கேட்காமல் நினைத்த இடத்துக்குப் போக ஆரம்பித்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

விற்றவர் மகா கெட்டிக்காரர். விற்பதற்கு முன்னால் முன்பம்பருக்கு மட்டும் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். துறைமுகத்து உப்புக் காற்று பட்டதும் அதன் ஓரத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. நான் சும்மா இருந்திருக்கலாம். நகத்தால் ஒரு நெண்டு நெண்டினேன். அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடடா, அந்தச் சுகம் இருக்கிறதே! தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கொஞ்சம் உரிப்பேன். சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்காரர் குனிந்து கொஞ்சம் உரிப்பார். எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் ஒரு கையால் சல்யூட் அடித்துக்கொண்டே மறு கையால் உரித்தார். கடைசியில் பம்பர் முழுக்கக் கறுப்பும் வெள்ளியுமாகத் திட்டுத் திட்டாக நின்றது.

இந்த நேரம் பார்த்து ஹெப்சி மைனி வந்தார்கள். மைனி என்றால் சாமின் அக்கா. நாசரேத்துக்குப் பக்கத்தில் சாமின் சொந்த ஊரில் இருக்கிறார்கள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. சாமுக்குப் பைபிளுக்கு அடுத்தபடி அக்காதான். மைனி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்கில் விரலை வைத்தார்கள்.

"ஏளா பியூலா, இது காரா, சொறி புடிச்ச கழுதையா?"

"பெயிண்டு மட்டும்தான் மைனி. ஓட்டம் அருமையா இருக்கு."

"ஓட்டத்த யாரு பாக்கா? ஞாயித்துக்கிழம அறுப்பின் பண்டிகை. கோயில் வாசல்ல இதுலயா வந்து இறங்குவீய? கீழத்தெருக்காரன் நம்மளப் பாத்துச் சிரிக்கணுமா? விளாத்திகுளத்துல ஒரு ஆளு பழைய வண்டி கேக்கான். தள்ளி விட்டுருங்க."

சாம் தலையைச் சொறிந்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்..."

எனக்கு வந்ததே கோபம்! நான் ஆடிய ஆட்டத்தில் கடைசியாக ஒரு ஒப்பந்தம் ஆனது. பண்டிகைக்கு வண்டி மானமாக வந்து நின்றால் என்னிடமே இருக்கும். மானம் போனால், அன்றைக்கே விளாத்திகுளத்துக்குப் போய்விடும். அந்த ஆளையும் மைனி அசனத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள். (அறுப்பின் பண்டிகை என்றால் விளைச்சலில் ஒரு பங்கைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டு வருகிற நாள். அசனம் என்றால் அன்றைக்கு ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற கறிச்சோற்றுப் பந்தி.) வந்து சாப்பிட்டுவிட்டு என் காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு.

பட்டறையில் கேட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு ஒரு வாரம் ஏது? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.) வருஷம் பூரா கடல் தண்ணீரில் கிடக்கிற மீன்பிடி வள்ளத்துக்குப் பெயிண்ட் உரிகிறதா? இல்லை. அப்படியென்றால் அந்தப் பெயிண்டைப் பம்பருக்கு அடித்தால் என்ன? இவ்வளவு பெரிய விஷயம் கார் கம்பெனிக்காரனுக்கு இன்னும் தெரியவில்லையே என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டபடியே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"உரியாத பெயிண்டு வேணும் அண்ணாச்சி. வெள்ளிக் கலர்."

"வெள்ளி கெடயாதும்மா. சாம்பல் இருக்கு. எத்தன அடி வள்ளம்?"

கார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவரும் புத்தி சொல்லுவார். அந்த வாரம் நான் கேட்ட புத்தி எனக்கு ஏழு ஜென்மத்துக்குக் காணும்.

"சின்னதுதான் அண்ணாச்சி."

"கரையில ஏத்திப் போட்டிருக்கீயளா?"

"ஆமா, வீட்டு வாசல்லதான் நிக்கி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடிச்சு நாலஞ்சு நாளு நல்ல வெயில்ல காயணும். மெல்லிசா அடிக்கணும். காயறதுக்குள்ள இறக்கிராதீய."

இதில் என் காதில் விழுந்தது மெல்லிசா என்பது மட்டும்தான். அதையும் காற்றோடு விட்டுவிட்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பம்பரின் பக்கத்து கிளிப்புகளை நெம்பி விட்டு, தோசைமாவு மாதிரி கனமாக மேலே மேலே பூசினேன். கறுப்புத் திட்டு ஒன்றுகூடத் தெரியவில்லை. வெள்ளி நிறக் காருக்கு எருமை நிறத்தில் ஒரு மூஞ்சி வந்திருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளிப்புகளை மறுபடி மாட்டினேன். இரண்டு மிஞ்சிவிட்டன. கம்பெனிக்காரன் கூடுதலாகக் கொடுத்திருப்பான் என்று டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம் பம்பரைத் தொட்டுப் பார்த்தார். விரல் வர மாட்டேன் என்றது.

"ஏளா, ஒட்டுதே!"

"போற காத்துல காஞ்சிரும். ஏறுங்க."

போகிற காற்றில் அது காயவில்லை. வேறொன்று நடந்தது. ஊரைத் தாண்டி உப்பளத்துக்குள் நுழைந்ததும் ஒரு உப்பு லாரி எங்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் வழி நெடுக உப்பைச் சிந்திக்கொண்டே போனான். அதை நான் முந்துவதற்குள் பம்பர் முழுக்க வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. சாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அடுத்தது ஆத்தூர். வெற்றிலைக் கட்டு ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வேகத்தடையில் சட்டென்று நின்றது. நானும் நிறுத்தினேன். ஆனால் ஒரு சாண் தள்ளிப்போய்த்தான் நின்றேன். பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கட்டின் மேல் என் பம்பர் போய் மெத்தென்று சாய்ந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆட்டோ நகர்ந்தபோது வெற்றிலை மட்டும் என்னோடு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து பார்த்தார்.

"யக்கா, வெத்தல வேணும்னா கேட்டு வாங்குங்கக்கா. இப்படியா ஒட்டி எடுத்துட்டுப் போவீய?"

பிய்க்கப் பார்த்தோம். இலை கிழிந்ததே தவிர பம்பரை விடவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் வேறு யாராவது இருந்திருந்தால் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குத் திரும்பும் பழக்கம் இல்லை.

கடைசியில் தேரி வந்தது. செம்மண் மேடு. காற்றுக் காலம் வேறு. ஒரு சுழற்று சுழற்றி அந்தச் சிவப்பு மணலை எல்லாம் கொண்டு வந்து, வெற்றிலைக்கும் உப்புக்கும் நடுவில் எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் அப்பியது. நான் அழவில்லை. வந்த அழுகையை அடக்கிக்கொண்டு கியரை மாற்றினேன். என் கார் போகப் போகிறது, இனிமேல் மறுபடி பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடியும் நேரம். கோயில் வாசலில் சிமெண்டுச் சரிவு. முன்சக்கரம் அதில் ஏறி இறங்கியதும் "டப்" என்று ஒரு சத்தம். மிஞ்சிய இரண்டு கிளிப்புகளின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பம்பர் கழன்று வாசலில் மல்லாந்து கிடந்தது.

கோயில்பிள்ளை ஓடி வந்தார். கோயில் வேலை எல்லாம் பார்க்கிறவர், வயசான மனுஷன். பம்பரைத் தூக்கிப் பார்த்தார். உப்பு, வெற்றிலை, செம்மண்.

"யம்மா, காணிக்கைப் பலகையா? நல்லா ஜோடிச்சிருக்கீயளே!"

இல்லை என்று வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரத்தில் ஜெபம் முடிந்து ஜனம் வெளியே வந்தது. முன்னால் ஹெப்சி மைனி. அவர்களுக்குப் பின்னால், யாரென்று தெரியாத ஒருவர், கையில் மஞ்சள் பையோடு, என் காரையே பார்த்துக்கொண்டு வந்தார். விளாத்திகுளம்!

"ஆமாய்யா," என்றேன்.

கோயில்பிள்ளை அதைப் பக்தியோடு தூக்கிக்கொண்டு போய், வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் காணிக்கைக் குவியலில் சாய்த்து வைத்தார். எனக்கு அப்போது ஒரு விஷயம் மறந்துவிட்டது. எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் குவியலுக்குள் போன பொருளைத் திருப்பித் தரமாட்டார்கள். ஏலத்தில்தான் எடுக்கணும். அந்த ஏலத்தில் விலை எல்லாம் பொருளுக்கு இல்லை, வீம்புக்குத்தான். முட்டை கோழி விலைக்குப் போகும், கோழி ஆட்டு விலைக்குப் போகும்.

ஏலம் விடுகிறவர் சாமின் சித்தப்பா பொன்ராஜ். பம்பரைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கிய பிறகுதான் பின்பக்கத்தைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. என்னைப் பார்த்தார். நான் கைகூப்பினேன். மனுஷன் சமாளித்துவிட்டார்.

"கேட்டுக்கோங்க! உப்பு தூத்துக்குடி உப்பு! வெத்தல ஆத்தூர் வெத்தல! மண்ணு நம்ம தேரி மண்ணு! நம்ம சீமை மொத்தமும் ஒரே பலகையில! கேளுங்க ஐயா கேளுங்க!"

கூட்டம் கை தட்டியது. நான் ஒரு கோழி விலை கேட்டேன். கீழத்தெரு தேங்காய் வியாபாரி ரத்தினசாமி ஆட்டுக்கிடா விலை கேட்டார். நான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். சாமைப் பார்த்தேன். சாம் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தரம்..." என்றார் சித்தப்பா, இழுத்து.

ரத்தினசாமி சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "கார் பம்பருல்லா இது. கோழிக்கூட்டுக்கு மேல கவுத்திப் போடலாம்னு பாக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹெப்சி மைனி திரும்பினார்கள். முந்தானையை இழுத்துச் செருகினார்கள்.

"என்னது? எங்க வீட்டுக் கார் பம்பரு ஒம்ம கோழிக்கு எச்சம் போடவா? கன்னுக்குட்டி வெல கேக்கேன், எழுதிக்கோங்க சித்தப்பா!"

அவர் கன்றுக்குட்டிக்கு மேல் ஏறினார். மைனி பசுமாட்டுக்கு ஏறினார்கள். அவர் உழவு மாட்டுக்குப் போனார். மைனி கழுத்துச் சங்கிலியைத் தொட்டபடி, "ஜோடி மாடு!" என்று கத்தினார்கள். ரத்தினசாமியின் சம்சாரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"மூணு தரம்!"

கோயில் மணியை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் ஐக்கியம் மொத்தமும் குலவை போடாத குறை. மைனி பம்பரை இரண்டு கையாலும் வாங்கிக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். புடவையில் உப்பும் மண்ணும் ஒட்டிக்கொண்டதைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது பார்த்து விளாத்திகுளத்துக்காரர் மெல்ல வந்து, "அப்ப வண்டியப் பாத்துருவமாம்மா?" என்றார்.

மைனி அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எந்த வண்டி?"

"நீங்கதானம்மா குடுக்கிறதாச் சொன்னீங்க..."

"ஊரு பாக்க ஏலத்துல எடுத்த பம்பரு. இத மாட்டுன வண்டிய நான் அடுத்த ஊருக்கு அனுப்புவேனா? போய்ச் சாப்பிடுங்கய்யா. ஏலே சாம், நின்னு என்ன பாக்க? போய் வண்டில மாட்டு!"

நான் கோயில் வளாகத்து நடுவில் மைனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தேரியில் அடக்கி வைத்த அழுகை எல்லாம் அங்கே வந்தது. "விடுளா, பெயிண்டு ஒட்டுது," என்றார்கள் மைனி. அவர்கள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. விளாத்திகுளத்துக்காரர் அசனத்தில் இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனார். நான் என் காரில், என் கையால் ஓட்டிக்கொண்டு, கயிற்றால் கட்டிய பம்பரோடு வீடு திரும்பினேன்.

பிறகு பட்டறையில் கொடுத்து எல்லாவற்றையும் சுரண்டி, முறையாகப் பெயிண்ட் அடித்தோம். வள்ளத்துப் பெயிண்ட் பற்றி நான் நினைத்தது மட்டும் பொய் இல்லை. அதைச் சுரண்டுவதற்குள் பட்டறைக்காரர் என் வம்சத்தையே திட்டிவிட்டார். ஒரே ஒரு வெற்றிலை எந்த மருந்துக்கும் அசையவில்லை. அதற்கு மேலேயே அடித்துவிட்டார்கள். இப்போதும் சிக்னலில் நிற்கும்போது யாராவது குனிந்து பார்த்து, "இது எந்தக் கம்பெனி சின்னம்?" என்று கேட்பார்கள்.

வருஷா வருஷம் பண்டிகை ஏலத்தில் பொன்ராஜ் சித்தப்பா முதல் பொருளைத் தூக்கும் முன்னால் என் பக்கம் திரும்பி, "இந்த வருஷம் கதவா, டிக்கியா?" என்று கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. மைனி எப்போது ஏறினாலும் முன்சீட்டில்தான் உட்காருவார்கள். அது அவர்கள் பாத்தியதை. போன மாதம் செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "ஓனர் யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மைனி கண்ணாடியை இறக்கினார்கள்.

"முன்பக்கம் நான். மிச்சமெல்லாம் அவ."