நாற்பத்திரண்டு பொருள்களின் காவலர்

ஓய்வுநாள் காவலர் என்றொரு இனம் உண்டு. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, அவரை யாரும் வேலைக்கு வைக்கவும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டால் போதும், ஊரில் எந்தக் கடைக்காரன் எதை யாருக்கு விற்கிறான் என்று பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீவனக் கடையை ஒற்றை ஆளாகக் கட்டி எழுப்பி, முப்பத்தெட்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: படியில் கால் வைக்கும் விதத்திலேயே இந்த இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வாங்க வருகிறவன் சாமானைப் பார்த்துக்கொண்டு வருவான். காவலர் மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொண்டு வருவார்.

டெக்சாஸில் எங்கள் கார்ட்வெல் ஊரில், எழுபதுகளில், இந்த இனத்தின் தலைமகன், தேவாலயச் சபையின் மூப்பர் ஹோரஸ் பிளெட்சோ. ஞாயிறு ஆண்டவருக்குரிய ஓய்வுநாள் என்பதால், அன்று விற்கக் கூடாத பொருள்கள் என்று அப்போது சட்டத்தில் நாற்பத்திரண்டு இருந்தன. அத்தனையும் அவருக்கு மனப்பாடம். துணிமணி கூடாது, மின்விசிறி கூடாது, கைக்கடிகாரம், பொம்மை, போர்வை, முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் கூடாது. முட்டை வாங்கலாம், அதைப் பொரிக்கச் சட்டி வாங்கக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள். பிளெட்சோவும் கேட்டதில்லை. கேட்கிறவன் காவலர் ஆக முடியுமா?

ஆராதனை முடிந்ததும் நேரே லூரின் டக்கெட்டின் கடைக்குத்தான் போவார். லூரின் விதவை, புருஷன் விட்டுப்போன பெட்டிக்கடையைப் பெரிய கடையாக்கியவள். ஞாயிறன்று மளிகைப் பக்கம் மட்டும் திறந்துவைத்து, மற்ற வரிசைகளைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருப்பாள். பிளெட்சோ கயிற்றை இழுத்துப் பார்ப்பார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். பீர் பெட்டிக்கு முன்னால் கடிகாரமும் கையுமாக நின்று, சட்டம் சொல்லும் நேரத்துக்கு அரை நிமிடம் முன்னால் யாராவது கதவைத் தொட்டால் தொண்டையைச் செருமுவார். விஸ்கி? அதற்கு ஞாயிறு முழுக்க அனுமதி இல்லை. அவர் வீட்டு அலமாரியில் ஒரு புட்டி இருந்தது உண்மைதான். ஆனால் அது சனிக்கிழமை வாங்கியது, இருமலுக்கு. ஜூலை மாதத்தில்கூட அந்த மனிதருக்கு இருமல் தீர்ந்தபாடில்லை.

சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. ‘மனித உயிருக்கோ விலங்கு உயிருக்கோ அவசரத் தேவை’ என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், தடைசெய்த பொருளையும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டுகளை லூரின் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுவைப்பாள். பிளெட்சோ அதைக் கிளறிப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு ஞாயிறு பாதுகாப்புச் சங்கத்தில் உரக்க வாசிப்பார். புதிதாக அப்பாவான டுவைன் டல்லி, கைக்குழந்தைக்கு இரண்டு சட்டை வாங்கியதற்காகப் ஒரு ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று பேச்சு வாங்கினான். “திங்கக்கிழமை வரைக்கும் அந்தப் பிள்ளையால பொறுக்க முடியலையா?” என்று கேட்டார் பிளெட்சோ. பிள்ளைக்கு வயது ஒன்பது நாள்.

அந்தச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பதினாறு வருடமாகப் பிளெட்சோ கனவு கண்ட நாற்காலி. அன்று காலை ஆராதனையில், கீழே விழுந்த பாட்டுப் புத்தகத்தை எடுக்கக் குனிந்தார். டர்ர்ர்.

வீட்டுக்கு வந்து மனைவி யூலாவிடம் காட்டினார். கால்சட்டை, இடுப்புப் பட்டையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை கிழிந்திருந்தது.

“இதத் தைக்க ஊசி போதாதுங்க. மறுபடி நெய்யணும்.”

“அந்தச் சாம்பல் நிறத்த எடு.”

“அதுவும் நீலமும் சலவைக்கடையில கெடக்கு. போன வசந்தத்துல ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி ஞாயித்துக்கிழமை அந்தக் கடைய மூட வச்சது யாரு? நானா?”

மிச்சம் இருந்தது தோட்ட வேலைக்குப் போடும், முழங்காலில் ஒட்டுப்போட்ட ஜீன்ஸ். அதைப் போட்டுக்கொண்டு தலைவர் நாற்காலியில் உட்காருவதா? உயிர் போனாலும் மாட்டார்.

வெயில் கொளுத்திய அந்த மதியத்தில், கணுக்கால் வரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, லூரின் கடைப் பின்கதவை ஒருவர் தட்டினார்.

“வாங்கண்ணே! மழை பலமா?”

“வெளையாடாத லூரின். கறுப்புக் கால்சட்ட ஒண்ணு. இடுப்பு நாப்பத்தினாலு.”

“ஐயையோ, துணிமணியா? நீங்கதான எனக்கு வரிசையா ஒப்பிச்சுக் காட்டுனீங்க?”

“நாலு மணிக்குக் கூட்டம் லூரின்.”

“அதுக்கென்ன, சீட்டு இருக்கு. இந்தாங்க பேனா. ஆபத்து மனுஷ உயிருக்கா, மிருக உயிருக்கா? ஒண்ணுல கோடு போடணும்.”

பிளெட்சோ பேனாவைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சீட்டில் பெயர் ஏறினால் நாலு மணிக்கு வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் அவர்தான்.

“கையெழுத்து இல்லாம வழியே இல்லையா?”

“இருக்குண்ணே. அடக்கத்துக்கு வாங்குற பொருளுக்குச் சீட்டே வேணாம். சட்டம் எழுதுனவங்க உங்கள மனசுல வச்சுத்தான் எழுதியிருக்காங்க.”

“யாருக்கு அடக்கம்?”

“சட்டம் அதக் கேக்கல. நானும் கேக்கல.”

கால்சட்டை கைமாறியது. சட்டத்தின் ஒரு எழுத்துகூட நசுங்கவில்லை. பிளெட்சோ நிம்மதியாக மூச்சு விட்டார், பாவம். அவர் மறந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால், அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. ஊரே சமைத்துக்கொண்டு போகும். லூரின் அந்த வழக்கத்தைத் தவறவிடுகிறவளா? கதவைச் சாத்திய கையோடு போதகருக்குப் போன் போட்டாள். “மூப்பர் வீட்டுல துக்கம் போல இருக்கு. அடக்கத்துக்குக் கறுப்பு உடுப்பு வாங்கிட்டுப் போறாரு.” இதில் பொய் எங்கே இருக்கிறது? பில்லிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

நாலு மணிக்குப் பிளெட்சோ, மடிப்புக் கலையாத கறுப்புக் கால்சட்டையில், தலைவருக்கு உரிய நடையோடு சபை மண்டபத்துக்குள் நுழைந்தார். மண்டபமே எழுந்து நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். தேர்தலுக்கு முன்பே இவ்வளவு மரியாதையா என்று அவருக்குக் கண் கலங்கியே விட்டது. பிறகுதான் சுவரோரத்து மேஜைகளைப் பார்த்தார். கோழிக் குழம்புச் சட்டிகள், உருளைக்கிழங்கு சாலட், மசாலா வைத்த முட்டை, பெக்கன் பருப்புப் பணியாரம் ஆறு, நடுவில் லூரின் கொண்டுவந்த முழுப் பன்றித் தொடை.

போதகர் அவர் தோளில் கைவைத்தார். “தைரியமா இருங்க. யாரு போனது?”

முன்வரிசையில் யூலா உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வையைப் பார்த்தால், போகப்போகிறவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓக்லஹோமாவில் ஒரு சித்தப்பாவைச் சாகடிக்கலாமா என்று பிளெட்சோ யோசித்தார். சபைக்குள் நின்று பொய்யா? உண்மையைச் சொன்னால் நாற்காலி? வியர்வை புதுக் கால்சட்டை வரை இறங்கியது.

“என் பழைய கால்சட்ட போதகரய்யா,” என்றார். “பதினோரு வருஷம் கூட இருந்துச்சு. காலைல, நாலாவது பாட்டுல, பிரிஞ்சிருச்சு.”

முதலில் யூலா சிரித்தாள். பிறகு மண்டபத்தின் கூரையே சிரித்தது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, இறந்தவருக்காக எல்லாரும் சாப்பிடுங்க” என்றார்.

தட்டு காலியானதும் தேர்தல். பிளெட்சோ கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். டுவைன் எழுந்தான். “தலைவர் பதவிக்கு மூப்பர் பிளெட்சோ பேர முன்மொழியிறேன்.”

“என்னய்யா, கிண்டலா?” என்றது ஒரு குரல்.

“இல்லண்ணே, நெசமாத்தான். வேற யாரு வந்தாலும் எங்க பேர வாசிப்பாங்க. இவரால இனிமே வாசிக்க முடியுமா?”

அதுவரை அவசரச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்த எல்லோரும் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் மண்டபத்தில் தூக்காத கை நாலோ ஐந்தோதான். பதினாறு வருடக் கனவு நாற்காலியில் பிளெட்சோ உட்கார்ந்தார். மெதுவாக, புதுத் தையலுக்கு நோகாமல்.

வாசகரே, நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படிக்கும்போது உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வந்தது? மாடி வீட்டுக்காரரா? ஆபீஸில் எதிர் மேஜைக்காரரா? உங்கள் மைத்துனரா? அப்படியானால் எனக்குச் சந்தேகமே இல்லை. காவலருக்கு எப்போதும் அடுத்தவர் முகம்தான் ஞாபகம் வரும்.