பதினோரு படி

லெக் பிரஸ் மெஷினில் சாய்ந்து படுத்திருந்த மோகனசுந்தரத்தின் கால்கள் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன. பலகையைத் தள்ளவும் முடியவில்லை, விடவும் பயமாக இருந்தது. முழங்கால்கள் மூக்குக்கு எதிரே வந்து நின்ற நிலையில், ஐம்பத்து மூன்று வயதில் இந்த வேலை தேவையா என்று அவர் ஒரு கணம் யோசித்தார்.

"ஷஹீர், இதை எப்படி நிறுத்தறது தம்பி?"

ஷஹீர் ஓடிவந்து ஒரு கையால் பலகையைத் தள்ளி லாக்கைப் போட்டான். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு பக்கம், அரிசிக்கடை தாவூத் பாயின் மாடியில்தான் ஜிம். தாவூத் பாயின் மகன்தான் ஷஹீர், ஜிம்முக்கு முதலாளியும் பயிற்சியாளரும் அவனே.

"எத்தனை கிலோ தூக்கணும்னு சொன்னீங்க மாமா?"

"அம்பத்திரண்டு."

"அது என்ன மூட்டைங்க?"

"மூட்டையில்ல தம்பி. என்ற அக்கா புள்ள."

அக்கா பழனாத்தாளின் மகள் யோகப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் சூரியநெல்லிக்காரர், பாலக்காட்டில் அவளோடு ஒரே பேங்கில் வேலை. நிச்சயம் முடிந்த அன்று யோகப்பிரியா மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டு வழக்கம் ஒன்றை மெதுவாகச் சொன்னாள். பெண்ணைத் தாய்மாமன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மண்டபத்துப் படி ஏற வேண்டுமாம். மேலே போய்ச் சேரும்வரை அவள் கால் தரையில் படக்கூடாதாம்.

"உங்களுக்கு முடியாதுன்னா சொல்லீருங்க மாமா. பொள்ளாச்சிப் பெரியப்பா பையன் தூக்கறேன்னு சொல்றாரு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மோகனசுந்தரத்தைக் குத்தியது. மூன்று வயதில் அப்பாவை இழந்து அவர் வீட்டுக்கு வந்த குழந்தை அது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அவளைத்தான் மகளாக வளர்த்தார். அவளைப் பொள்ளாச்சிக்காரன் தூக்குவதா? மறுநாளே மண்டபத்துக்குப் போய்ப் படிகளை எண்ணினார். பதினொன்று. நம்பாமல் இறங்கும்போதும் எண்ணினார், குறையவில்லை.

அவர் உடம்போ பழைய கணக்குகள் நிறைய வைத்திருந்தது. இடது முழங்கால் கபடி ஆடிய காலத்தில் திருகிக்கொண்டது. வலது தோள், இரண்டு வருடத்துக்கு முன் தன் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் காலில் சிக்கி விழுந்ததில் போனது. தோளுக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்து பலப்படுத்தாவிட்டால் கை காதுக்கு மேலே போகாது, முழங்காலும் தேறாது என்று டாக்டர் அப்போதே சொன்னார். யோகப்பிரியா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கெஞ்சிப் பார்த்தாள். இனி இந்தக் கையைத் தூக்கி நான் என்ன செய்யப்போகிறேன் என்று மோகனசுந்தரம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். தோப்புப் பக்கம் போவதே குறைந்துபோயிற்று.

சம்பந்தி வீட்டில் இந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் தாய்மாமனால் முடியாது போலிருக்கிறது என்று சூரியநெல்லி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஷஹீரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஷஹீர் பொறுமைசாலி. வலிக்கிற இடத்தோடு சண்டை போடக்கூடாது, அதைச் சுற்றி இருப்பதை பலப்படுத்த வேண்டும் என்பது அவன் கொள்கை. தலைக்கு மேலே தூக்குவது எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் தள்ளச் சொன்னான், உட்கார்ந்து கயிற்றை இழுக்கச் சொன்னான், முழங்காலைப் பாதி மட்டும் மடக்கச் சொன்னான். இழுத்துப் பிடித்தால் பரவாயில்லை, குத்தினால் நிறுத்த வேண்டும்.

இவருக்கு முன்னால் மெஷினில் உட்கார்ந்த ஒரு கல்லூரிப் பெண் எட்டாவது எடைக் கட்டையில் பின்னைச் செருகி அனாயாசமாக இழுத்துவிட்டுப் போனாள். மோகனசுந்தரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது பின்னைப் பிடுங்கி இரண்டாவதில் செருகிக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் போவதற்கு மனைவி சிவசங்கரியிடம், விதையும் நாற்றும் கொடுக்கிற அரசு விவசாய ஆபீசான கிருஷிபவனைக் காரணம் சொல்லியிருந்தார். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏனுங்க, கிருஷிபவன் பத்து மணிக்குத்தானுங்களே தொறப்பாங்க?"

முன்னாலேயே போனால்தான் வரிசையில் இடம் கிடைக்கும் என்றார். அதற்குப் பிறகு திரும்பிவரும்போதெல்லாம் கையில் ஏதாவது இருந்தாக வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் வீட்டில் பதினேழு கறிவேப்பிலை நாற்று சேர்ந்துவிட்டது.

பெரிய சிக்கல் விருந்தில் வந்தது. கல்யாணப் பெண்ணை உறவுக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டுச் சோறு போடுவது வழக்கமாயிற்றே. கொப்பரை நிறுக்கும் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏறி நில் கண்ணு என்று மோகனசுந்தரம் வாரத்துக்கு ஒரு முறை அவளை நிறுத்திப் பார்த்தார். அவளும் முகத்தில் சலனமில்லாமல் ஏறி நின்றாள். ஐம்பத்திரண்டு ஐம்பத்துநாலாயிற்று. ஒரு கோழிக்குழம்புக்குப் பிறகு ஐம்பத்தைந்து. இவர் மெஷினில் ஒரு கட்டை கூட்டுவதற்குள் அவள் ஊரில் இரண்டு வீடு சாப்பிட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல், அடுத்து விருந்து வைக்கவிருந்த தன் சித்தப்பாவிடம் போய், பிள்ளைக்கு வயிறு சரியில்லை, லேசாக ரசம் போதும் என்று சொல்லிவைத்தார். மறுநாளே பெண்ணுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பழனாத்தாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் மகளுக்கா கோளாறு என்று, எல்லோரும் பார்க்கிற மாதிரி வாசலில் உட்காரவைத்து நெய்யில் மிதக்கும் உளுந்தங்களியைத் தினமும் ஊட்டினாள். அந்த வாரம் தராசு ஐம்பத்தெட்டு காட்டியது.

ஜிம் மட்டும் போதாது என்று வீட்டிலும் பழக முடிவு செய்தார். ஒரு மத்தியானம் சிவசங்கரி வெளியே போயிருந்த நேரத்தில், தவிட்டு மூட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு மொட்டை மாடிப் படியில் ஏறினார். ஏறும்போது தைரியத்துக்காக அதனிடம் பேசிக்கொண்டும் இருந்தார்.

"பயப்படாத கண்ணு. மாமன் உன்னைக் கீழ போடமாட்டேன்."

கீழே சிவசங்கரி பையோடு நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படி, பொள்ளாச்சிக்காரன், ஜிம், நாற்று எல்லாமே. கையிலிருந்து விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் கேட்டார். சிவசங்கரி பையை ஓரமாக வைத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"மூட்டை கழுத்தைக் கட்டிப் பிடிக்காதுங்க. என்னைத் தூக்கிப் பழகுங்க. நான் அறுபத்துநாலு கிலோ."

முதல் நாள் மூன்று படி. நாலாவதில் இறக்கிவிட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்றுப் பொறுத்து, நாளைக்கும் உண்டுங்களா என்று சிவசங்கரி கேட்டாள்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் கார் நின்றது. பட்டுச் சேலை, நகை, மாலை எல்லாம் சேர்த்து அறுபத்து மூன்று இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு மோகனசுந்தரம் முழங்கையை விலாவோடு ஒட்டினார். யோகப்பிரியா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐந்தாவது படியில் இடது முழங்கால் லேசாக இழுத்தது. குத்தவில்லை. எட்டாவது படியில் அவர் காதோரம் அவள் மெல்லக் கேட்டாள்.

"வலிக்குதுங்களா மாமா?"

"நீ சும்மா இரு."

பதினோராவது படியில் அவளை இறக்கி நிறுத்தியபோது கைதட்டல் எழுந்தது. அவள் ஏனோ அழுதுகொண்டே சிரித்தாள். இவருக்கும் கண் நிறைந்துவிட்டது. முகூர்த்தத்தில் அட்சதை தூவும்போது வலது கை தலைக்கு மேலே உயர்ந்து போய் வந்ததை அவர் கவனிக்கவில்லை. மேடையிலிருந்து யோகப்பிரியா கவனித்தாள்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளையின் சித்தப்பா, சூரியநெல்லி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பாயசம் குடித்து முடித்ததும் அவர் மோகனசுந்தரத்தின் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணைத் தாய்மாமன் தூக்கிட்டு வர்ற ஒங்க பக்கத்து வழக்கம் ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி. எங்க பக்கமெல்லாம் பொண்ணு நடந்துதான் வரும்."